மேல்துறையும் கீழ்த்துறையும்

பலர் குளிக்கும் ஒரு துறையில், முதலில் குளித்தவன் அடுத்து வருபவனுக்குக் கடமைப்பட்டவனா? தன் உடம்பு சுத்தமானால் போதுமா?

கீரிப்பாறை, காளிகேசம் போன்ற மலையோர ஊர்களைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு குளியலறை வருமுன் அங்கெல்லாம் ஆறும் ஓடையும்தான் குளிக்கும் இடம். துணி துவைக்கிற கல்லில்தான் ஊர் விவரம் எல்லாம் பேசப்படும். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பிள்ளைப்பேறு, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும். ஒரு கிழவியை இரண்டு நாள் துறையில் காணவில்லை என்றால், மூன்றாம் நாள் யாராவது அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கட்டிக்கொண்டு வந்த புது மருமகள் மனம் விட்டு அழுவதற்கும் அந்த இடம்தான்.

ஆனால் தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடும். மேலே குளிப்பவன் கலக்கினால் கீழே குளிப்பவன் தலையில்தான் அந்த அழுக்கு விழும். ஆகவே மேலே நிற்பவனுக்குத்தான் பொறுப்பு அதிகம். மனிதனோ அந்தப் பொறுப்பை அதிகாரமாக மாற்றிக்கொண்டான். மேல்துறை ஒரு சாதிக்கு, கீழ்த்துறை ஒரு சாதிக்கு என்று பிரித்தான். பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றையும் குளத்தையும் தொட முடியாது. தண்ணீரை மறுத்தவர்களே, இவர்கள் அழுக்கானவர்கள் என்று பழியும் சொன்னார்கள்.

கொல்லம் 1008 மாசி 20-இல் அவதரித்த அய்யா வைகுண்டர் இந்த அநியாயத்தை வாய்ச்சொல்லால் மட்டும் கண்டிக்கவில்லை. சாமித்தோப்பு முத்திரிக்கிணற்றில் பதினெட்டுச் சாதி மக்களும் ஒன்றாகக் குளித்தார்கள், அதே நீரைக் குடித்தார்கள். ஓடைக்கு மேல், கீழ் உண்டு. கிணற்றுக்கு அது இல்லை. எந்தப் பக்கம் நின்று கோரினாலும் வருவது ஒரே தண்ணீர். ஒருவர் கோரிய நீர் இன்னொருவர் தலையில் விழும்போது, ஊற்றிய கை யாருடையது என்று தண்ணீர் கேட்பதில்லை. வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த 700 குடும்பங்களும் தினமும் மூன்று வேளை கடலில் குளித்து, துணி துவைத்து உடுத்தினார்கள். அழுக்கானவர்கள் என்ற பழியை அவர்கள் அப்படித் துவைத்து எறிந்தார்கள்.

இன்று பல இடங்களில் யாரையும் யாரும் துறையில் தடுப்பதில்லை. அதனால் மேல்துறை ஒழிந்துவிட்டதா? முத்திரிக்கிணற்றில் பதமிட்டு, நெற்றியில் திருநாமம் இட்டு வருகிற ஒருவர், வேலைக்கு வந்தவருக்குத் தனித் தம்ளரில் தண்ணீர் கொடுத்தால், தம் வீட்டுக்குள்ளேயே ஒரு மேல்துறை கட்டிக்கொண்டார் என்றுதான் அர்த்தம். மலை ஓடையில் குளித்துவிட்டு ஷாம்பு பாக்கெட்டை அங்கேயே எறிகிறவரும், கீழே இருக்கும் ஊரை மனிதர் வாழும் ஊராக நினைக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு தனியே குளிக்கிறவருக்கோ, பக்கத்து வீட்டுப் பெரியவர் படுத்துக் கிடப்பதுகூடத் தெரிவதில்லை.

குளியலறை கூடாது என்பதல்ல; அது நல்ல வசதிதான், பெண்களுக்குப் பெரிய நிம்மதியும்கூட. துறை போனாலும் துறை கற்றுக்கொடுத்த தர்மம் போய்விடக் கூடாது. அந்தத் தர்மம் இரண்டுதான். நமக்குப் பின்னால் வருபவருக்காகத் தண்ணீரைக் கலக்காமல் விட வேண்டும். வராமல் போனவரைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

பதமிட்ட ஈரம் பதிக்குள் போய்த் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். அன்று முழுவதும் நாம் சந்திக்கும் மனிதரிடம் காட்டும் சமத்துவமே அந்தக் குளிப்பின் பலன். இதை நினைவில் வைத்துப் பதமிடுவோம்.

அய்யா உண்டு.