பனிச்சரிவும் பொறுப்பும்

மலையிலே பனி சரிந்து மனிதர் மாண்டால் ‘இயற்கையின் சீற்றம்’ என்று எழுதிவிடுகிறோம். வசதியான சொற்றொடர் அது. சீறியது இயற்கையாயின் விசாரிக்கப்பட வேண்டியவர் எவருமிலர். ஆயின், பனிக்குச் சினமில்லை, இயக்கவிதிகளே உண்டு.

வசந்தகாலப் பனியின் விதிகள் இன்று நன்கு அறியப்பட்டவை. வானம் தெளிந்த இரவில் பனிப்பரப்பு உறைந்து இறுகுகிறது. பகலில் வெயில் ஏற, உருகிய நீர் உள்ளே கசிந்து பனித்துகள்களின் பிணைப்பை இளக்குகிறது. காலையில் ஆளைத் தாங்கிய சாய்வு பிற்பகலில் அவனோடு பெயர்ந்து வரலாம். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களே பேரபாயமானவை. ஐரோப்பிய, அமெரிக்க மலைகளில் பொழுதுபோக்காகச் சறுக்கச் சென்று மடிவோருட் பெரும்பாலோர், தாமோ தம் தோழரோ கிளப்பிய சரிவிலேயே புதையுண்கின்றனர். அங்கே அபாயத்தைத் தேர்ந்தவரே அதன் விலையையும் கொடுக்கின்றனர்.

தேர்பவர் ஒருவரும் விலை கொடுப்பவர் வேறொருவரும் ஆகும்போதுதான் அறப்பிரச்சினை கூர்மையடைகிறது.

1922 யூன் 7ஆம் நாள், கடும் பனிப்பொழிவு ஓய்ந்த சில நாட்களுள், ஜோர்ஜ் மலோரி தலைமையில் ஒரு குழு எவரெஸ்ற்றின் வடபுறச் சாய்வில் ஏறியது. பனி சரிந்தது. மூன்று பிரித்தானியரும் உயிர் தப்பினர். சுமைதூக்கிகள் எழுவர் மாண்டனர்.

2014 ஏப்ரல் 18ஆம் நாள், நேபாளப் பக்கத்துக் கும்பு பனியருவியின் மேல், மலையின் மேற்குத் தோளிலிருந்து பெரும் பனிக்கட்டிப் பாளம் விழுந்தது. மாண்ட 16 பேரும் நேபாளத் தொழிலாளர், பெரும்பாலோர் ஷேர்ப்பாக்கள். பல்லாயிரம் டொலர் செலுத்தி வந்தோருக்காக அவர்கள் பாதை அமைத்தனர், சுமை ஏற்றினர். அத்தகைய பாளம் விழும் நாழிகையை எவராலும் சொல்ல முடியாது; விழும் இடத்தைச் சொல்லலாம். அத்தொங்கலுக்கு அஞ்சி 2012இலேயே ரசல் பிறைஸ் என்ற பயண அமைப்பாளர் தம் குழுவைத் திருப்பியழைத்திருந்தார்.

‘கூலிக்கு இசைந்துதானே சென்றனர்?’ என ஒரு வாதம் எழலாம். இசைவு உண்மையே. ஆயின், அப்பள்ளத்தாக்கில் அவ்வளவு ஊதியம் தரும் தொழில் வேறு அரிது என்பதும் உண்மை. பயணி சில முறை கடக்கும் பனியருவியைத் தொழிலாளி பருவம் முழுவதும் சுமையோடு கடக்கிறான். வறுமை தந்த இசைவு, அபாயத்தைக் குறைக்கும் கடமையிலிருந்து எவரையும் விடுவிக்காது.

ஈமச்செலவுக்கென அரசு முதலில் அறிவித்தது 40,000 நேபாள ரூபாய். ஷேர்ப்பாக்கள் கொதித்தெழுந்தனர், மேலே ஏற மறுத்தனர். பெரும்பாலான குழுக்கள் வெறுங்கையோடு திரும்பின. அடுத்த ஆண்டு பாதை மேற்குத் தோளின் நிழலிலிருந்து விலக்கிப் பனியருவியின் நடுப்பகுதிக்கு மாற்றப்பட்டது. மாற்றக்கூடியதாயிருந்த பாதை, பதினாறு உயிர்களுக்குப் பின்பே மாறியது!

அறிவு எல்லாவற்றையும் காத்துவிடாது. 2015 ஏப்ரல் 25ஆம் நாள் நிலநடுக்கத்தால் அடிவார முகாமின்மீது விழுந்த சரிவை எவர் முன்னறிந்திருக்க முடியும்? அதனை இயற்கையின் கணக்கில் எழுதலாம். அறிந்திருந்தும் பிறரை அனுப்பிய அபாயத்தை அக்கணக்கில் எழுதுவது பொய்க்கணக்கு. ஒரு சாய்வில் ஏறுவதா, திரும்புவதா என்ற முடிவில், அங்கே சுமையோடு நிற்பவனின் குரலே முதலிற் கேட்கப்படவேண்டும். அதுவரை ‘வீரம்’ என்று நாம் போற்றுவதிற் பாதி, பிறர் உயிரைப் பணயம் வைத்துப் பெற்றதே.