உரைகல்லும் நையாண்டியும்

கடவுளைக் கேலி செய்பவன் கடவுளை மறுப்பவன்தானா என்ற கேள்வி தமிழ்ச் சமய மரபுக்குப் புதியதன்று. தேவாரம் திருமுதுகுன்றம் என்று வழங்கும் விருத்தாசலத்தில், மணிமுத்தாற்றின் கரையில், அதற்கான மூல வழக்கு ஒன்று நடந்திருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணம் கூறும்படி, இத்தலத்தில் இறைவனிடம் 12,000 பொன் பெற்ற சுந்தரர் அதை ஆற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு அருளப்பட்டபோது, பொன்னில் ஒரு சிறு துண்டை வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். பிற்பாடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்துவைக்கும் இத்தகைய துண்டை மச்சம் என்பர். குளத்திலிருந்து கிடைத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒப்பிட, மாற்று, அதாவது பொன்னின் தூய்மையளவு, குறைந்திருந்தது. சுந்தரர் மீண்டும் பாடியபிறகே அது சரியாயிற்று. கொடுத்தவன் கடவுள் என்பதில் ஐயமே இல்லாத ஒருவர் கொடுத்த பொருளை உரைத்துப் பார்த்தார் என்பதும், சேக்கிழார் அதைக் குற்றமாகக் கருதவில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை. சுந்தரரைப் போல இறைவனைத் தோழனாகக் கொண்டு ஒழுகும் நெறியைச் சைவ சித்தாந்தம் சகமார்க்கம் என்னும். இந்நெறியில் சோதிப்பது உரிமையே தவிர அவநம்பிக்கை ஆகாது. பீங்கானுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் சூளையிலிருந்து இறக்கிய பாண்டத்தைச் சுண்டி ஓசை கேட்பவன் பாண்டத்தின் பகைவன் அல்லனே.

இந்த உரிமையை இருபதாம் நூற்றாண்டில், பாட்டின்றி, உரைநடையில் எடுத்துக்கொண்டவர் புதுமைப்பித்தன். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் விருத்தாசலம் என்பது தற்செயலாக இருக்கலாம். அதை வைத்துத் தத்துவம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் 1943இல் கலைமகள் இதழில் வெளிவந்த அவருடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சகமார்க்கத்தின் பட்டணத்துப் பதிப்பு என்று சொல்வது மிகையாகாது. சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளை, திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு வந்த கடவுளை ஓட்டலுக்கு அழைத்துச் செல்கிறார். காப்பியின் சுவையில் மகிழ்ந்து அதைத் தம் லீலை, அதாவது தெய்வத் திருவிளையாடல், என்று கடவுள் பெருமைப்பட, அது சிக்கரித் தூளைக் கலந்த ஓட்டல்காரன் லீலை என்று பிள்ளை திருத்துகிறார். கடவுளின் லீலையைப் பில் கொடுக்கும்போது காட்டலாம் என்பதும் அவர் யோசனை. இதில் நாத்திகம் எங்கே இருக்கிறது? எதிரே காப்பி குடித்துக்கொண்டிருப்பவரின் இருப்பைப் பிள்ளை மறுக்கவில்லை. உலகில் நடப்பவை அனைத்தையும் கடவுளின் கணக்கில் எழுதும் சோம்பல் தத்துவத்தை மட்டும் மறுக்கிறார்.

கதையின் கூர்மையான பகுதி கலையைப் பற்றியது. நடனத்தால் பிழைக்கலாம் என்று துணியும் கடவுளையும் தேவியையும் பிள்ளை திவான் பகதூர் பட்டம் பெற்ற ஒரு கலைப் புரவலரிடம் கொண்டுபோய் நிறுத்த, கூத்தின் மூலவனே ஆடிக்காட்டிய கூத்தைப் பார்த்த அந்தத் திவான் பகதூர் அதில் கலை இல்லை என்று தள்ளிவிடுகிறார். சோதனை இரு வகைப்படும் என்பது இங்கே வெளிச்சமாகிறது: கூடப் பழகியவன் உரைத்துப் பார்ப்பது ஒன்று, பழக்கமே இல்லாமல் பட்டத்தின் பலத்தால் முத்திரை குத்துவது மற்றொன்று. புதுமைப்பித்தனின் நையாண்டி பெரும்பாலும் இரண்டாம் வகையினர்மீதே பாய்ந்தது. ‘மணிக்கொடி’ இதழ்க் காலத்து இலக்கியச் சண்டைகளிலும் அவர் சாடியது இந்த முத்திரைக்காரர்களைத்தான் என்று கொள்ளலாம். வாழ்நாளின் கடைசியில் ‘ஔவையார்’, ‘ராஜமுக்தி’ ஆகிய படங்களுக்காக எழுதப் போனவர், அங்கே என்னென்ன முத்திரைகளைக் கண்டாரோ.

‘காஞ்சனை’ தொகுப்பின் முன்னுரையில் அவர் இந்த வாதத்தைத் தம் எழுத்துக்கே பொருத்துகிறார்: வேதாந்திகளின் பிடிக்குள் அகப்படாத கடவுளைப் போலவே தம் கதைகளும் விமர்சகரின் அளவுகோலுக்குள் அடங்கவில்லையென்றால் அதற்குத் தாம் பொறுப்பல்லர் என்றும், உண்மையில் கதைகளின் அருகில் வைத்து அளக்கப்படுவது அளவுகோல்களே என்றும் அவர் கூறுவதன் சாரம், உரைகல்லையே உரைத்துப் பார்ப்பதாகும். இதை எழுத்தாளனின் அகந்தை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் 1943இலேயே எழுதிய ‘சாபவிமோசனம்’ கதையில் அவர் இராமனுக்கு அளவுகோலிலிருந்து தப்பும் சலுகையை அளிக்கவில்லை. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். தனக்கு ஒரு நீதி, சீதைக்கு வேறு நீதியா என்பது அவளைத் தைக்கும் கேள்வி. சாபம் நீக்கியவனின் அறத்தை அவனால் சாபம் நீங்கியவளே உரைத்துப் பார்க்கிறாள். சுந்தரரின் பொன்னில் குறைந்த மாற்று பாட்டால் ஏறிற்று. இங்கே அது ஏறவில்லை என்பதுதான் வேறுபாடு, அந்த வேறுபாடு சிறியதன்று.

சுந்தரருக்காக அவர் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்கத் திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் தூது நடந்த இறைவன், கந்தசாமிப் பிள்ளையின் சென்னையில் மனிதரோடு குடித்தனம் நடத்த முடியாமல், எட்ட நின்று வரம் கொடுக்கலாமே ஒழியக் கூட வாழ இயலாது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவருடைய இனத்துக்கே அதுதான் லாயக்கு என்று பிள்ளை பதில் சொல்கிறார். சொல்லிவிட்டு, கடவுள் கட்டிய ஆயுள் சந்தா ரூபாய் 25ஐக் கணக்கில் வரவு வைக்கவும் செய்கிறார்.