மாலை நாலரைக்குப் பிறகு

பள்ளி விடுவதற்கும் அப்பா அம்மா வேலை முடிந்து வருவதற்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் கிடக்கிறது. சாதுவான பிள்ளை என்றால் பாட்டி, பக்கத்து வீடு, டியூஷன் என்று அந்த நேரம் எப்படியோ ஓடிவிடும். சட்டென்று கோபப்பட்டுக் கையில் கிடைத்ததை வீசுகிற பிள்ளைக்கோ, நாளிலேயே கடினமான நேரம் அதுதான். வகுப்பில் நாள் முழுக்க அடங்கி உட்கார்ந்த அலுப்பும் பசியும் ஒன்றாகச் சேர்கின்றன. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறுக்காகக் காலையில் போட்ட சாதாரண மீதைல்ஃபெனிடேட் மாத்திரையின் பலனும் நாலு மணி நேரம்போலத்தான். மாலைக்கு அது மிஞ்சாது. "ஸ்கூல்ல ஒழுங்காத்தானே இருக்கான், இங்க மட்டும் ஏன் இந்த ஆட்டம்?" என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடுகிறது. அந்த நேரத்தைத்தான், பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லப்படாத யாரிடமாவது ஒப்படைக்கிறோம்.

பெரும்பாலும் அது டியூஷன். வராந்தாவில் பாய் விரித்துப் பதினைந்து பிள்ளைகள். கணக்கு தொடங்கியதும் இவன் பக்கத்துப் பையனின் நோட்டில் கிறுக்குகிறான். "வெளியே போய் நில்லு" என்கிறார் மிஸ். தண்டித்ததாக அவர் நினைக்கிறார். பையனுக்கோ கிறுக்கினால் கணக்கிலிருந்து தப்பலாம் என்பது புரிந்துவிட்டது. அவன் வெளியே போனதும் வகுப்பு அமைதியானதால், அனுப்புவதே வழி என்று மிஸ்ஸும் பழகிவிடுகிறார். குடும்பங்களில் இப்படி இருபக்கமும் வலுப்படும் சுழற்சியை அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் 1982-இல் வந்த தன் நூலில் விரிவாக விளக்கினார். இதை உடைக்கக் கூடுதல் பாடம் உதவாது. முதலில் சாப்பாடு, பிறகு ஓட்டம், அதன்பின் கொஞ்சமாக வீட்டுப்பாடம். இரண்டே விதிகள், தினமும் ஒரே ஆள், மீறினால் தினமும் ஒரே பதில், நல்லதைச் செய்தால் அந்த நிமிடமே ஒரு பாராட்டு. கேட்க எளிதுதான், செய்பவருக்கோ முதுகு ஒடியும்.

"ரெண்டு போட்டால் அடங்கிவிடுவான்" என்பார்கள். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. டியூஷன் வராந்தாவில் யாரும் கேட்பதில்லை. அடிக்குப் பயந்த பிள்ளை அடிப்பவர் இருக்கும்வரைதான் அடங்கும், மாலையிலோ ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய கவலை நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் அதற்கு வழி சிறிய குழுவும் கூடுதலாக ஒரு பெரியவரும். வாரம் ஒரு டியூஷனாக மாற்றினால் ஆபத்து இடம் மாறும், அவ்வளவுதான்.

காசுதான் பெரிய தடை. "அம்மா வேலையை விட்டால் போச்சு" என்ற பதில் பாதி வீடுகளில் வாடகைக்கே உதவாது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. மத்திய அரசின் பால்னா காப்பகங்களோ ஆறு வயது வரைதான். அதற்குமேல் மாலை நேரத்துக்குப் பொறுப்பாளி யாருமில்லை. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், மாலையில் தெருவுக்குள்ளேயே தன்னார்வலரை உட்கார வைக்க முடியும் என்று காட்டியது. 18 வயது வரையான பிள்ளைகளுக்கென அரசு மருத்துவமனைகளை ஒட்டி ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் இருக்கின்றன. அங்குள்ள உளவியலாளர்கள் இத்தகைய தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை பெற்றோர் ஒன்று செய்யலாம்: எது பிள்ளையைக் கிளப்புகிறது, எது அடக்குகிறது, மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி, மாலையில் பார்த்துக்கொள்பவர் கையில் கொடுத்துவிடுங்கள்.