பதினொன்று

போன மாதம் ஓர் இரவு, ராத்தா வீட்டு முற்றம். அக்காவின் மகன், என் மருமகன், அவனுக்குப் பதினாறு வயது. ஜப்பான் கார்ட்டூன் ஒன்றைப் பார்த்து டீஜே ஆசை பிடித்தவன். பழைய பைலாவோடு புதுத் தாளம் கலந்து யூடியூபில் போட்டிருந்தான். "மாமா, பதினொரு பேர் பார்த்திருக்காங்க. அதுல ஆறு நான்தான்" என்றவன், பெருவிரலால் திரையைக் கீழே இழுத்துவிட்டான். வட்டம் சுழன்று நின்றது. பதினொன்று. மறுபடி இழுத்தான்.

அந்தப் பெருவிரல்தான் என்னை உறங்க விடவில்லை. களப்பில் வலை இழுப்பவர்கள் மீன் படாவிட்டால் கரைக்கு வந்துவிடுவார்கள். இவனுக்குக் கரை எது?

நானும் காத்திருந்தவன்தான். இலங்கை வானொலியின் 'நீங்கள் கேட்டவை'க்குத் தபாலட்டை போட்டுவிட்டு, அறிவிப்பாளர் பெயர்களை அடுக்கும்போது மூச்சைப் பிடித்திருப்பேன். எங்கள் ஊர், புத்தளம் என்றதும் நெஞ்சு அடிக்கும். வேறு யாரோ. ஒருநாள் என் பெயர் வந்ததாக உம்மா சொல்வா. அந்நேரம் நான் கிணற்றடியில் நின்றேனாம். எந்தப் பாட்டைக் கேட்டு எழுதினேன் என்பதே மறந்துவிட்டது. கேட்காமல் போன அந்தப் பெயர் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

பாட்டும் காத்திருப்பதுண்டு. 'மெனிக்கே மகே ஹிதே' 2020 இல் சதீஷன் பாடி வந்த சிங்களப் பாட்டு. 2021 இல் பாடகி யொஹானியும் அவரும் சேர்ந்து மறுபடி பாடியபோதுதான் இந்தியாவே திரும்பிப் பார்த்தது. அதே மெட்டுத்தானே? மருமகனிடம் இதைச் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். ஆறுதலா, ஆசை காட்டுவதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவன் கலந்த பைலாவின் வேர்களில் ஒன்று பக்கத்திலேயே, சிரம்பியடியில் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் ஆபிரிக்காவிலிருந்து படைக்கென்று கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி. சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தட்டி மாஞ்சா என்ற பாட்டைப் பாடுகிறார்கள். அதன் போர்த்துக்கேயக் கிரியோல் வரிகள் பல, பாடுகிறவர்களுக்கே விளங்குவதில்லை என்று எங்கோ வாசித்தேன். மொழி போன பிறகும் பாட்டு நின்றிருக்கிறது. எண்ண ஆளில்லாமல், சுற்றி இருந்தவர்களின் கைதட்டலிலேயே நின்றிருக்கிறது. ஆனால் அவர்களுக்கும் வெளியே யாராவது கேட்க வேண்டும் என்ற ஏக்கம் இருந்திருக்காதா? இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து அவன் பாட்டை முழுவதும் கேட்டேன். நடுவில் ஓரிடம் உண்மையிலேயே அழகு. பன்னிரண்டு ஆனதை அவன் பெருவிரல் கண்டிருக்கும். யாரோ முகம் தெரியாதவர் என்று மகிழ்ந்துமிருப்பான். அது நான்தான் என்று சொல்வதா, வேண்டாமா? இன்னும் தெரியவில்லை.