சொல்லாமல் விட்ட சொல்

வாயைத் திறந்து சொல்லும் பொய்யைப் பொய்யென்று ஒப்புக்கொள்ளாத வியாபாரி எவருமில்லர். எடையைக் குறைப்பது தவறு, சரக்கில் கலப்படம் செய்வது தவறு, கள்ளக் கணக்கு எழுதுவது தவறு என்பதைக் கடையில் பெட்டியடியில் உட்கார்ந்து பழகும் சிறுவனும் அறிவான். ஆனால் வாயைத் திறக்காமலே வருகின்ற லாபம் ஒன்றுண்டு. அதில் நாம் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்டவரிடம் இல்லையென்று மறுக்கவுமில்லை. நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்தோம், அவ்வளவுதான். இந்த லாபம் நமக்கு ஆகுமா, ஆகாதா? இதுவே நாம் இங்கே சிந்திக்க விரும்பும் கேள்வி.

இதைப் பொதுப்படப் பேசினால் ஆளுக்கொரு நியாயம் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவோம். ஆகவே குறிப்பான வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது பெரிய வேலையுமன்று. பத்திரிகையில் இடம்பெறும் வேலையுமன்று. அமெரிக்காவில் சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் பின்வாசலில், சாமான் ஏற்றி இறக்கும் மேடையிலுள்ள பழைய சாதனங்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தும் வேலை.

பின்வாசல் மேடை

மேரிலாந்து மாநிலத்தில் அந்நாட்டுச் சர்க்காரின் ஆராய்ச்சி நிலையங்கள் பல உள்ளன. பெதஸ்தாவில் தேசிய சுகாதார நிலையங்களும், கெய்தர்ஸ்பர்க்கில் அளவைகளுக்கும் தொழில்நுட்பத்துக்குமான தேசிய நிலையமும் இருக்கின்றன. கெய்தர்ஸ்பர்க் வளாகத்தின் திறப்பு விழா 1966-ல் நடந்தது. அந்த நிலையத்தின் கட்டடங்கள் மிகவும் சீர்கெட்டுவிட்டன என்று அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகங்கள் 2023-ல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. பழைய கட்டடமென்றால் கூரை மட்டுமா பழசாகும்? பின்வாசல் மேடையும் பழசாகத்தான் செய்யும்.

ஆராய்ச்சி நிலையம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பூதக்கண்ணாடியும் கண்ணாடிக் குழாயுமே. ஆயினும் அவையெல்லாம் கட்டடத்துக்குள் போவது பின்வாசல் வழியாகத்தான். திரவ நைட்ரஜன் நிறைந்த கலங்கள், வாயு அடைத்த உருளைகள், விலைமதிக்க முடியாத கருவிகள் யாவும் லாரியில் வந்து அந்த மேடையில் இறங்குகின்றன. மேடை பெரும்பாலும் 4 அடி உயரமிருக்கும். லாரிகளோ ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. மேடைக்கும் லாரியின் தளத்துக்கும் உள்ள இடைவெளியையும் ஏற்றத்தாழ்வையும் சரிசெய்ய ஒரு கனத்த இரும்புத் தட்டு உண்டு. அதனை டாக் லெவலர் என்பார்கள். 1983 வரை சிங்கப்பூர் ஆற்றில் நின்ற தொங்கான்களிலிருந்து கரைக்குப் போட்ட பலகையைப் பார்த்த மூத்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பலகை அதேதான், வேலையும் அதேதான். அன்று மூட்டை சுமந்த மனிதர் அதன்மீது நடந்தார். இன்று பல ஆயிரம் இராத்தல் எடையுள்ள ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் அமர்ந்து மனிதர் அதன்மீது ஓடுகிறார். பலகை வழுகினால் அன்றும் இன்றும் ஆபத்து மனிதருக்கே.

இந்தத் தட்டு மேடையில் வெட்டிய ஒரு குழிக்குள் அமைந்திருக்கும். குழியின் விளிம்பில் கான்கிரீட்டோடு சேர்த்துப் பதித்த ஆங்கிள் இரும்பில்தான் தட்டின் சட்டத்தைப் பற்றவைக்கிறார்கள். ஆகவே தட்டு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதைத் தாங்குவது அந்த விளிம்பே என்பதை மனத்தில் இருத்திக்கொள்வோம். நம் கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

ஒருவர் கண்டார்

அமெரிக்கச் சர்க்கார் இத்தகைய வேலையைத் தன் இஷ்டம்போல் ஒருவரிடம் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. திறந்த போட்டியை வலியுறுத்தும் சட்டம் 1984-ல் வந்தது. சிறு தொழில் செய்வோருக்கும் சர்க்கார் வேலைகளில் நியாயமான பங்கு கிடைக்க வேண்டுமென்று 1953-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆகையால் இந்த வேலைக்கு டெண்டர் கொடுப்பவர்களில் நம்மைப்போன்ற சிறு முதலாளிகள் பலர் இருப்பார்கள். வேலைக் குறிப்பை வெளியிடுவார்கள். ஒரு நாள் குறித்து இடத்தைப் பார்க்க அழைப்பார்கள். சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்கச் சொல்வார்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கு உரிய பதிலைப் போட்டியிடும் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுவார்கள். கடைசி நாளன்று விலைகள் வந்து சேரும்.

இப்படி இடம் பார்க்கப் போனவர்களில் அனுபவசாலியான ஒருவர் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். மற்றவர்கள் மேலே நின்று அளவெடுக்கையில், அவர் குனிந்து குழிக்குள் டார்ச் விளக்கை அடிக்கிறார். ஆங்கிள் இரும்பு துருவேறி இற்றுக் கிடக்கிறது, கான்கிரீட் உதிர்கிறது. வேலைக் குறிப்பைப் புரட்டுகிறார். பழைய தட்டைக் கழற்றுவது, புதிய தட்டைப் பொருத்துவது, ரப்பர் தாங்கிகளை மாற்றுவது எல்லாம் இருக்கின்றன. குழியைச் செப்பனிடுவது பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதிய எஞ்சினீயர் பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதிவிட்டார் போலும்.

அவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. எழுதிக் கேட்டால், பதில் எல்லோருக்கும் போகும். அவர் கண்டுபிடித்ததை எல்லோரும் கண்டவர்களாவார்கள். கேட்காமல் இருந்தாலோ, குழியைக் கணக்கில் சேர்க்காமல் குறைந்த விலை போட்டு வேலையை எடுத்துவிடலாம். பழைய தட்டைக் கழற்றிய மறுநாள், "ஐயா, குழி இப்படி இருக்கிறதே, இதற்குத் தனியாகப் பணம் வேண்டும்" என்று கேட்கலாம். அப்போது போட்டிக்கு வேறு யாருமில்லை. மேடையோ திறந்து கிடக்கிறது. லாரிகள் காத்து நிற்கின்றன. அவர் சொன்னதே விலை.

சமாதானங்கள்

இரண்டாவது வழியில் போகிறவர் சொல்லும் சமாதானங்களை நாம் அறியாதவர்களல்லர். "எல்லோருக்கும் கண் இருக்கிறது, குனிந்து பார்க்க வேண்டியதுதானே?" என்பார். "சர்க்காரிடம் எஞ்சினீயர்கள் இல்லையா?" என்பார். "என் அனுபவத்தை இலவசமாக வாரிக் கொடுக்கவா நான் கடை வைத்திருக்கிறேன்?" என்பார். கடைசியாக, "சர்க்கார் பணம்தானே, யார் வீட்டுப் பணம்?" என்றும் சொல்வார்.

கடைசிச் சமாதானத்துக்கு மறுமொழி சொல்வது எளிது. யாருடைய பணமும் இல்லாத பணம் உலகில் கிடையாது. வரி கட்டும் கடைக்காரர் இதை நன்கறிவார். ஆனால் அனுபவத்தைப் பற்றிய சமாதானத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அறிவு ஒரு முதல். வியாபாரி தனக்குத் தெரிந்ததையெல்லாம் தெருவில் நின்று கூவ வேண்டுமென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வழக்கு புதியதன்று. ரோமாபுரி அறிஞர் சிசரோ கி.மு. 44-ல் தம் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதையே ஆராய்ந்தார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வந்து சேருகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவதை வழியில் கண்டவர் அவர் ஒருவரே. அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? சொல்லத் தேவையில்லை என்று வாதிட்டார் டயோஜெனிஸ் என்ற ஞானி; சொல்லத்தான் வேண்டும் என்றார் அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கமே நின்றார். சும்மா இருப்பது வேறு, பிறர் அறிய விரும்புவதை நம் ஆதாயத்துக்காக அவர் அறியாதபடி வைப்பது வேறு என்பது அவர் கண்ட வேற்றுமை.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கும் பஸரா வியாபாரியின் வரலாறு நம்மவர் பலர் கேட்டதே. கரும்பில் நோய் விழுந்த செய்தி அவருக்கு மட்டும் முன்னதாக வந்தது. அதைச் சொல்லாமல் ஒருவரிடம் சர்க்கரையை வாங்கி, 30,000 காசு லாபம் பார்த்தார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் விற்றவரிடம் போய்ச் செய்தியைச் சொல்லிப் பணத்தை நீட்டினார். விற்றவர் மனமுவந்து அதை அவருக்கே விட்டுக்கொடுத்தார். மறுபடியும் தூக்கமில்லை, மறுபடியும் கொண்டுபோய், வாங்கிக்கொள்ளச் செய்த பிறகே அமைதி அடைந்தார். அவர் பொய்யே சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எது நம்முடையது?

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து நாம் காணும் முடிவு இது. நமக்குத் தெரிந்தவற்றில் இரண்டு வகை உண்டு. தட்டை எந்த ஆலையில் மலிவாக வாங்கலாம், எத்தனை ஆட்களை வைத்து எத்தனை நாளில் பொருத்தலாம், எந்தக் கருவியால் நேரம் மிச்சமாகும் என்பவை நம் உழைப்பால் வந்த அறிவு. அவற்றைப் பூட்டி வைக்க நமக்கு முழு உரிமை உண்டு. போட்டி என்பதே அதற்குத்தான். ஆனால் குழி நம்முடையதன்று. அதன் விளிம்பு இற்றுப்போயிருக்கிறது என்ற செய்தி, குழிக்குச் சொந்தக்காரரைச் சேர்ந்த செய்தி. அவர் நம்மை நம்பித் தம் வாசலைத் திறந்து காட்டியதால்தான் அது நம் கண்ணில் பட்டது. அது நம் கையில் இருப்பது அமானிதமாக, முதலாக அன்று.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. கையெழுத்தான பிறகு இதை நாமே வாய் திறந்து சொல்லப் போகிறோமா? ஆலையின் பெயரை அப்போதும் சொல்ல மாட்டோம். ஆகவே அது நம்முடையது. குழியைப் பற்றியோ அப்போது ஓங்கிச் சொல்வோம், கடிதம் எழுதுவோம், படம் பிடித்து அனுப்புவோம். கையெழுத்துக்குப் பின்னே அவ்வளவு உரக்கச் சொல்லப்போகும் ஒன்றைக் கையெழுத்துக்கு முன்னே விழுங்கியிருந்தால், அந்த மௌனத்துக்கு நாம் விலை போட்டிருக்கிறோம் என்றே பொருள்.

அது மௌனமாகவே நின்றுவிடுவதுமில்லை. மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் மறைந்திருக்கும் குறைகளுக்குக் குத்தகைக்காரரைப் பொறுப்பாக்காமல், கூடுதல் செலவைத் தானே ஏற்பது அமெரிக்கச் சர்க்காரின் கட்டட ஒப்பந்தங்களில் நெடுங்கால வழக்கம். தெரியாத ஆபத்துக்குப் பயந்து எல்லோரும் விலையை ஏற்றிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் அது முன்னரே அறியாதவருக்கு உரிய சலுகை. முன்னரே கண்டவர் அந்தச் சலுகையைக் கேட்கும்போது, "நான் பார்க்கவில்லை" என்று சொல்லியாக வேண்டும். அன்று சொல்லாமல் விட்ட சொல், இன்று சொல்லியே தீர வேண்டிய பொய்யாகப் பிறக்கிறது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. வரைபடமும் வேலைக் குறிப்பும் வெளிப்படையாக முரண்படும்போது, கேட்டுத் தெளியாமல் டெண்டர் கொடுத்தவர் பின்னால் தமக்குச் சாதகமான பொருளைப் பிடித்துக்கொள்ள முடியாது என்று 1963-ல் ஒரு கட்டட கம்பெனியின் வழக்கில் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்க்காரிடம் பொய்க் கோரிக்கை கொடுத்துப் பணம் பெறுவதற்கு எதிரான சட்டம், உள்நாட்டுப் போரில் படைக்குச் சரக்கு விற்றவர்களின் மோசடியைக் கண்டு லிங்கன் காலத்தில், 1863-ல் வந்தது. இன்று அதன்படி நஷ்டத்தைப்போல் மூன்று மடங்கு வரை கட்ட நேரும். ஆயினும் ஒருவர் குனிந்து பார்த்ததையும், பார்த்து என்ன நினைத்தார் என்பதையும் எந்த நீதிமன்றம் எளிதில் நிரூபிக்கும்? சட்டத்தின் கை எட்டாத அந்த இடத்தில்தான் மனச்சாட்சி வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இழப்பவர் யார்?

இந்த மௌனத்தால் நஷ்டமடைபவர் சர்க்கார் மட்டுமல்ல. குழியைத் தாமும் கண்டு, அதைச் செப்பனிடும் செலவையும் நேர்மையாகச் சேர்த்து விலை போட்ட இன்னொரு சிறு முதலாளி அந்த வேலையை இழக்கிறார். ஏன் இழந்தோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. கூடுதல் பணம் வர நாளாகும்போது, இற்ற விளிம்பிலேயே தட்டைப் பற்றவைத்துவிட்டால் போகிறது என்ற சபலமும் வரலாம். அப்போது இழப்பவர், எதையும் அறியாமல் அதன்மீது வண்டி ஓட்டும் தொழிலாளி.

கேட்டுவிட்டால் நமக்கு வேலையே போய்விடுமே என்று அஞ்சுகிறோம். உண்மையில் போவது என்ன? கேள்வி வந்ததும் வேலைக் குறிப்பைத் திருத்துவார்கள். எல்லோரும் குழியைச் சேர்த்தே விலை போடுவார்கள். நம் கைத்திறமும் சிக்கனமும் அப்படியே நம்மிடம் இருக்கின்றன. மற்றவரின் அறியாமை ஒன்றுதான் நம் கையைவிட்டுப் போகிறது. ஆகவே கேள்வி கேட்பதால் நஷ்டமடைபவர், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர் மட்டுமே.

அப்படியும் வேலை வேறொருவருக்குப் போகலாம். நேர்மையாக இருந்தால் லாபம் நிச்சயம் என்று சொல்லி யாரையும் ஏமாற்ற நாம் விரும்பவில்லை. பஸரா வியாபாரிக்கு அந்த 30,000 திரும்பி வரவில்லை; தூக்கம் மட்டுமே திரும்பி வந்தது. அடுத்த முறை ஒரு டெண்டர் தாளையோ, கடை வாடகை ஒப்பந்தத்தையோ, பழைய லாரியின் விற்பனைச் சீட்டையோ கையில் எடுக்கும்போது, கையெழுத்துக்குப் பின்னே சொல்லலாம் என்று எதையாவது ஒதுக்கி வைத்திருக்கிறோமா என்று நம்மை நாமே ஒரு தடவை கேட்டுக்கொள்வோம். இருக்குமானால், அதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.