நல்ல எண்ணம் மட்டும் போதுமா?

“நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்தில் குற்றம் காணலாமா?” என்று கேட்பவர் பலர். காணலாம் என்பதே திருச்சபையின் பழமையான போதனை. செய்கிற காரியம், செய்பவனுடைய கருத்து, அதைச் சூழ்ந்த நிலைமைகள் ஆகிய மூன்றும் நல்லவையாயிருந்தால்தான் ஒரு செயல் முற்றிலும் நல்லதாகும் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் கற்பிக்கிறார். நம் காலத்துப் பிறர்சிநேகச் செயல் ஒன்றை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கோவில்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. விடுமுறையில் இளைஞர் குழுவாகச் சேர்ந்து மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் முதலிய நாடுகளுக்கு விமானமேறிச் செல்கிறார்கள். அங்கே தங்குவது ஒரு வாரம் அல்லது பத்து நாள். காலையில் கல் சுமந்து, சாந்து குழைத்து, வீடோ பள்ளியோ கட்டுகிறார்கள். மாலையில் அவ்வூர்ப் பிள்ளைகளோடு பந்தாடுகிறார்கள். பிறகு கண்ணீரோடு விடைபெற்று, “நாங்கள் கொடுத்ததைவிடப் பெற்றதே அதிகம்” என்று சாட்சி சொல்கிறார்கள். அந்த வார்த்தை அவர்கள் நினைப்பதைக் காட்டிலும் உண்மையாயிருக்கலாம்.

1998-ம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ‘மிட்ச்’ என்னும் பெரும்புயல் ஹோண்டுராஸைச் சீரழித்தது. வீடிழந்தோருக்கு வீடு கட்ட வட அமெரிக்கக் குழுக்கள் பல வந்தன. பின்னர் கூர்ட் வெர் பீக் என்னும் ஆராய்ச்சியாளர் அந்த வீடுகளில் குடியேறிய குடும்பங்களை விசாரித்தார். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகள் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர்களுக்கும் இவர்களுக்கும் அடைந்த பயனில் பெரிய வேற்றுமை ஏதும் காணவில்லை. செலவிலோ வேற்றுமை மலைபோலிருந்தது. ஏறக்குறைய 2,000 டாலரில் முடியக்கூடிய ஒரு வீட்டுக்கு, குழுவின் பயணச் செலவும் சேர்ந்து ஏறக்குறைய 30,000 டாலர் ஆயிற்று. அந்தப் பணத்தில் 15 குடும்பங்களுக்குக் கூரை கிடைத்திருக்கும். ஊர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியும் கிடைத்திருக்கும். கரண்டி பிடித்தறியாத கை அவர்கள் வேலையைச் செய்ய, அவர்களோ வேலையின்றி நின்று பார்ப்பது தர்மமாகுமா?

“பயணம் இல்லாவிட்டால் அந்தப் பணத்தை யார் கொடுப்பார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணம் ஏழையின் வீட்டுக்காக அல்ல, பயணத்துக்காகவே கொடுக்கப்பட்டது என்று அக்கேள்வியே ஒப்புக்கொள்கிறதல்லவா? அப்படியானால் அதற்கு யாத்திரை என்று பெயர் வைப்போம். யாத்திரையும் நல்லதே. ஆனால் யாத்திரைக்குத் தர்மம் என்று பெயர் வைக்கும்போது, பெற்றுக்கொண்டவன் கொடுத்தவனாகிறான். தன் ஊரையும் வீட்டையும் திறந்து விருந்தோம்பிய ஏழையோ கடனாளியாகிறான். 1968 ஏப்ரல் 20-ம் தேதி, அப்போது குருவாயிருந்த இவான் இல்லிச், அமெரிக்க மாணவர் கூட்டத்துக்கு இதைத்தான் கடுமையாக எடுத்துரைத்தார். பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவி செய்கிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்பதே அவருடைய வேண்டுகோளின் சாரம்.

சுவர் பேசாது, பிள்ளையின் உள்ளம் அப்படியல்ல. ஹெயிட்டி நாட்டு அநாதை மடங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருக்கிறார்கள். வறுமையே அவர்களைப் பிரித்தது. ஒரு வாரம் மடியிலேற்றிக் கொஞ்சிய அண்ணனும் அக்காளும் மறுவாரம் போய்விடுகிறார்கள், புதியவர்கள் வருகிறார்கள், அவர்களும் போய்விடுகிறார்கள். வருகிறவனுக்கு அது இனிய நினைவு. பிள்ளைக்கோ மீண்டும் மீண்டும் ஒரு பிரிவு. அத்தாய்க்குப் பிழைக்க வழி செய்து, பிள்ளையை அவளிடமே சேர்ப்பது இதைவிட எத்தனையோ மேலான தர்மம்! அதில் படம் பிடிக்க ஒன்றுமில்லை என்பது மெய்தான்.

அப்படியானால் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாமா? அதுவும் சரியல்ல. காயப்பட்டவனைச் சேசுநாதர் சொன்ன நல்ல சமாரித்தன் தன் கையாலேயே தொட்டு, எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயங்கட்டினான். ஆனால் உவமை அத்தோடு முடியவில்லை. சமாரித்தன் அவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்தான். நாளும் அருகிலிருந்து கவனிக்கக்கூடியவன் யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தன் கை எட்டுமளவு செய்தான். எட்டாததை அவ்வூரானிடம் நம்பி ஒப்படைத்தான். இதுவே இரக்கத்தோடு கூடிய விவேகம்.

ஆகையால், அன்புள்ள சகோதரரே, உதவிக்குப் புறப்படுகிற எவரும், எங்கே புறப்பட்டாலும், மூன்று கேள்விகளைத் தம் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொள்வாராக. இந்த வேலையை வேண்டுமென்று கேட்டவர் அவ்வூராரா, நாமா? இதைச் செய்து பிழைக்கக்கூடியவர் அங்கேயே இருக்கிறாரா? நாம் போனபின் சத்திரக்காரனாய் இருக்கப்போகிறவர் யார்? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்தால் தாராளமாய்ப் போகலாம். உள்ளூர்க் கொத்தனார் சொற்கேட்டுக் கல் சுமக்கலாம். ஆண்டுதோறும் அதே ஊருக்குத் திரும்பிச் செல்லலாம். விடை கிடைக்காவிட்டால், பயணத்தை நிறுத்திவிட்டுக் காசை அனுப்புவதே பெரிய தியாகமாயிருக்கும். பிறர்சிநேகத்தின் அளவுகோல் நம் உள்ளம் அடையும் உருக்கமல்ல. அயலான் அடையும் நன்மையே.