கணக்கும் கள்ளாமையும்



கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகின்றது. அரசின் சட்டத்தை மீறிப் பொருளீட்டுதல் அவற்றுள் ஒன்று. அளவைக் கூட்டியும் குறைத்தும் காட்டுதல் மற்றொன்று. ஆகவே, பொய்க்கணக்கு எழுதுவோர் வரி அலுவலரை மட்டும் ஏமாற்றவில்லை. தாம் ஏற்ற விரதத்தையே சிதைக்கின்றனர்.

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியை எண்ணிப் பாருங்கள். பட்டாசுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலையில் 28 விழுக்காடாக இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் 18 ஆகக் குறைந்தது. அதனையும் செலுத்த மனமின்றிப் பில் இல்லாமல் சரக்கை விற்பவர், இருப்புப் பதிவேட்டிலும் அதனை மறைத்தாக வேண்டும். உரிமத்தில் குறித்த அளவுக்கு மேல் வெடிபொருள் சேர்ந்துள்ளதா என்பதைக் காட்டுவது அப்பதிவேடே அன்றோ?

வருகைப் பதிவேடும் அத்தகையதே. பள்ளியில் நான் பெயர் எழுத மறந்த பிள்ளை, மதிய உணவுக் கணக்கிலும் விடுபட்டுப் போகும். ஆலையில் பெயர் எழுதப்படாத தொழிலாளி தீப்புண் பட்டால், இ.எஸ்.ஐ. உதவிக்குச் சான்றின்றி அலைய நேரும். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று, முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய வேளையில் உள்ளே இருந்தோர் யாவர் என்பதற்கு ஏடன்றி வேறு சான்று ஏது?

கள்ளாமை தவறுமிடத்தில் கொல்லாமையும் தவறுகின்றது. வணிகம் செய்யும், கணக்கெழுதும் நம் மக்களே! மகாவீரர் வீடுபேறடைந்த தீபாவளியன்று ஏற்றும் விளக்கொளியில், உங்கள் கணக்கேட்டை அஞ்சாது விரித்து வைக்க இயலுமாறு வாழுங்கள்.

அறம் வளர்க!